நாக்கு கேட்கும் நேரம்

(ஷஅபான் மாதக் குடும்பக் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ரமலான் வாசலில் நிற்கிறது. இந்த மாதக் கூட்டத்தில் வழக்கமாக ஜகாத் கணக்கு, பித்ரா விநியோகம், ஸஹர் ஏற்பாடு பற்றித்தான் பேசுவோம். இந்த முறை சாப்பாட்டு ஆசையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும் சிலர் சிரித்தீர்கள். "நோன்பு வர்ற நேரத்துல வாயைக் கட்டச் சொல்லப் போறியளா?" என்று ஒரு லாத்தா கேட்டே விட்டார். அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் டாக்டர்கள் அல்ல, ஆலிம்களும் அல்ல. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், மருந்துக்கடை வைத்திருப்பவர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியைகள் இருவர் இருக்கிறோம். மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களைப் படித்து, வீட்டுக்குப் போய் விசாரித்து, தொகைக்குப் பரிந்துரைப்பது எங்கள் வேலை. அந்த வேலையில் கண்ணால் பார்த்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

ரபீயுல் அவ்வல் மாதத்தில் ஒரு மனு வந்தது. மனு செய்தவர் சவூதியில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வயது 47. சர்க்கரை நோயில் வலது கால் புண்ணாகி இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். புண்ணுக்கு மருந்து கட்டவும் இன்சுலின் வாங்கவும் உதவி கேட்டிருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

வீட்டுக்குப் போனோம். சாப்பாடு எப்படி என்று கேட்டோம். அவருடைய மனைவி சொன்னார்: "பகல்ல சொன்னபடி கேப்பாஹ. கோதுமைக் கஞ்சி குடுத்தா மறுபேச்சு இல்லாம குடிப்பாஹ. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவு திறக்குற சத்தம் கேக்கும். காலையில பார்த்தா பிள்ளைகளுக்கு வச்ச தம்ரூட்ல பாதியக் காணாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்ககிட்ட காசு கேக்க எனக்கு வெட்கமா இல்ல, இந்த விஷயத்தச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு" என்றார்.

அந்த மனுவைப் பரிசீலிக்க நாங்கள் உட்கார்ந்த அன்று எங்கள் மேசையில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு தட்டு சமோசா, ஒரு தட்டு ஜாங்கிரி, ஆளுக்கு ஒரு கிளாஸ் டீ. டீயில் சர்க்கரை அடியில் தங்கி நின்றது. எங்கள் நான்கு பேரில் இருவருக்குச் சர்க்கரை உண்டு. காலை இழந்துகொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு மருந்துச் செலவு எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டே ஆளுக்கு இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டிருந்தோம். பேச்சு முடிந்து தட்டைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. இன்றைக்கு உங்களுக்குச் சொல்லும் எல்லாமே அன்றைக்கு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டதுதான்.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023ல் வெளியானது. எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. நம் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது என்று சொன்னால் சுலபமாக விளங்கும்.

சரி, ஆசை என்பது என்ன? பசி வேறு, நாக்கு கேட்பது வேறு. பசி மெதுவாக ஏறும். பழைய சோறு கொடுத்தாலும் சரி, இடியாப்பம் கொடுத்தாலும் சரி, அடங்கிவிடும். நாக்கு கேட்பது அப்படியல்ல. திடீரென்று வரும், பேர் சொல்லிக் கேட்கும். 'புரோட்டாவும் சால்னாவும்' என்று கேட்கும், 'அந்தக் கடைத் தம்ரூட்' என்று கேட்கும். வயிறு நிறைந்திருக்கும்போதும் கேட்கும். பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு பீர்னிக்கு இடம் இருப்பது அதனால்தான்.

இதில் ஒழுக்கக் குறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. இனிப்பும் கொழுப்பும் கிடைக்கும்போது மூளை மகிழ்கிறது, அதை நினைவில் எழுதி வைக்கிறது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறது. பிறகு அந்த நேரமோ இடமோ வந்தால் போதும், வாய் ஊறும். அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்ததும் வாப்பாமார்களின் கால் தானாக டீக்கடைப் பக்கம் திரும்புகிறதே, அது பசியா? மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. இறைச்சி மீதான பழக்கம் மனிதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று கலீஃபா உமர் (ரலி) எச்சரித்த செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. பழக்கம் மனிதனைப் பிடிக்கும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்தான்.

தூக்கமும் இதில் சேர்த்தி. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. இரவு ஒரு மணி வரை ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அந்த நேரத்தில் நூடுல்ஸ் கேட்பதில் ஆச்சரியமில்லை.

இனி நாம் எல்லோரும் அனுபவத்தில் அறிந்த ஒன்றுக்கு வருவோம். நோன்பு நாளில் மாலை நான்கு மணிக்கு என்ன நடக்கிறது? அடுப்படியில் வாடா பொரியும் வாசம் வருகிறது. நாக்கு கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது. ஆனால் ஒரு வாடாவை எடுத்து வாயில் போட வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஏழெட்டு வயதில் முதல் நோன்பு வைக்கும் பிள்ளைகூட ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைக்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்த ஆசை எங்கே போனது என்றே தெரியாது. குர்ஆன் ஓதிக்கொண்டிருப்போம், பேசிக்கொண்டிருப்போம், தூங்கிவிட்டிருப்போம். ஆசை அலை மாதிரி எழுந்து வந்தது, திரும்பிப் போய்விட்டது.

அப்படியானால் ஆசையை அடக்கத் தெரியாது என்று நாம் சொல்வது உண்மையல்ல. வருடத்தில் ஒரு மாதம், தினமும் பதின்மூன்று மணி நேரம் அதைத்தான் செய்கிறோம். அப்படியிருக்க, மக்ரிபுக்குப் பிறகு மட்டும் ஏன் முடியவில்லை? எங்களுக்குப் புரிந்த காரணம் இது. பகலில் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஸஹரில் நிய்யத் வைத்தபோதே பேச்சு முடிந்துவிட்டது. தட்டைப் பார்த்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. மக்ரிபுக்குப் பிறகோ ஒவ்வொரு தட்டைப் பார்த்தும் புதிதாக முடிவெடுக்கிறோம். சூடான சமோசாவுக்கு முன்னால் உட்கார்ந்து எடுக்கும் முடிவு எப்படி இருக்கும்? ஜெர்மனியைச் சேர்ந்த மனவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் இதைத்தான் ஆராய்ந்தார். 'குறைவாகச் சாப்பிடுவேன்' என்று பொதுவாக நினைப்பதைவிட, 'இன்ன நேரத்தில் இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள் அதிகமாக நிறைவேற்றுகிறார்கள் என்று கண்டார். 'தம்பி வீட்டுக்குப் போனால் ஒரே ஒரு துண்டு வட்டிலப்பம், இரண்டாவது துண்டு வைத்தால் தண்ணீர் கேட்பேன்' என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவு செய்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு மச்சியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

இங்கே ஒரு தவறையும் சொல்ல வேண்டும். 'இனி ஆயுளுக்கும் இனிப்பைத் தொடமாட்டேன்' என்று சபதம் எடுப்பவர்கள் பத்து நாளில் ஒரு கிலோ அல்வாவோடு திரும்பி வருகிறார்கள். ஒன்றை நினைக்கவே கூடாது என்று மனதுக்கு உத்தரவு போட்டால் மனம் அதையே நினைக்கும். அதனால் நாங்கள் யாரையும் எதையும் அடியோடு விடச் சொல்வதில்லை. அளவு, நேரம், வரிசை என்று மூன்றை மட்டும் பேசுகிறோம்.

டீயிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் நம் வீடுகளில் சர்க்கரை அதிகம் போவது அந்த வழியில்தான். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் என்று வையுங்கள். எட்டு டீஸ்பூன், ஒன்று ஐந்து கிராம் வீதம் 40 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் வழிகாட்டியது. இனிப்பு என்று ஒரு துண்டுகூடச் சாப்பிடாமல், டீயிலேயே அந்த நல்ல எல்லையைத் தாண்டிவிட்டோம். அதன் மேல் 300 மில்லி கலர் குடித்தால் இன்னும் 30 கிராம். எங்கள் குழுவில் ஒருவர் செய்த முறை எளிது. வாரத்துக்கு அரை டீஸ்பூன் குறைத்தார். முதல் வாரம் டீ சப்பென்று இருந்தது என்றார். இரண்டாவது மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் வழக்கமான டீயைக் கொடுத்தபோது பாகு குடிப்பது போல இருந்தது என்று கீழே வைத்துவிட்டார். நாக்கு பழகியதைத்தான் கேட்கும். பழக்கத்தை மாற்றினால் கேட்பதும் மாறும். உப்புக்கும் இதே கதைதான், ஆனால் அதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

'நாங்க சீனி போடுறதில்ல, கருப்பட்டிதான்' என்று சொல்பவர்கள் முன் வரிசையிலேயே இருக்கிறீர்கள், தெரியும். கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச் சத்து உண்டு, மணமும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையும் தேனும் அப்படித்தான். சர்க்கரை நோயாளிக்கு இவற்றில் தனிச் சலுகை கிடையாது.

இப்போது அந்த இரண்டு மணி ஃபிரிட்ஜ் கதவுக்குத் திரும்புவோம். எங்கள் நர்ஸ் சகோதரி ஒரு வேலை செய்தார். "நாளைக்கு ராத்திரி எழுந்தா, சாப்பிடுறதுக்கு முன்னாடி விரல்ல குத்தி மெஷின்ல பாருங்க, எவ்வளவுன்னு எழுதி வைங்க" என்று சொல்லி, அறக்கட்டளையின் குளுக்கோமீட்டரைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்துத் தாளை வாங்கிப் பார்த்தோம். ஐந்து இரவுகளில் அவர் எழுந்திருக்கிறார். மூன்று இரவுகளில் சர்க்கரை இருநூறுக்கு மேல். இரண்டு இரவுகளில் 61, 58.

எழுபதுக்குக் கீழே இறங்கினால் அது தாழ் சர்க்கரை. உடம்பு வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கடும் பசி எடுக்கும். அந்த நேரத்தில் இனிப்பைத் தேடி ஓடுவது பலவீனமல்ல, உயிரைக் காக்க உடம்பு போடும் கூப்பாடு. பகலில் 'கட்டுப்பாடு' என்று கோதுமைக் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு, இரவில் பேருக்கு இரண்டு இட்லி தின்றுவிட்டு, இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். எதை எதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் வெட்கத்தில் டாக்டரிடம் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தத் தாளை டாக்டரிடம் கொண்டு போன பிறகு இன்சுலின் அளவு மாறியது.

இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வீட்டில் இருந்தால் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். நடுராத்திரிப் பசியைத் திட்டாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். எழுபதுக்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மருந்தின் அளவை நாமாகக் குறைக்கவும் கூடாது.

மீதி மூன்று இரவுகள்? அது பழக்கம்தான், அவரே ஒத்துக்கொண்டார். அதற்கு வீட்டில் செய்த மாற்றங்கள் பெரிதல்ல. இரவுச் சாப்பாட்டில் ஒரு முட்டையோ மீனோ அவித்த பயறோ நிச்சயம் இருக்க வேண்டும், ஏனென்றால் புரதம் வயிற்றில் நின்று பேசும். சாப்பிடும் வரிசை மாறியது. முதலில் காய், பிறகு மீன், கடைசியில் சோறு. இதே அளவுச் சோறுதான், ஆனால் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை என்று அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு ஒன்று 2015ல் காட்டியது. சாப்பிட்ட பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடப்பதும் உதவும். கால் புண் ஆறும்வரை நடக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவருக்கு அது இல்லை. தம்ரூட் வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர்தான் சொன்னார். பிள்ளைகள் ஜும்ஆ நாளில் மாமி வீட்டில் போய்ச் சாப்பிட்டு வருகிறார்கள். அவருக்கும் அன்று மதியச் சாப்பாட்டோடு ஒரு சிறு துண்டு உண்டு, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒளித்துச் சாப்பிடும்போது அளவு தெரிவதில்லை என்று அவர் சொன்னதை நாங்கள் எழுதி வைத்துக்கொண்டோம்.

புண் ஆறிவிட்டதா என்று கேட்பீர்கள். ஆறிக்கொண்டிருக்கிறது. துஆ செய்யுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம். சில பிள்ளைகள் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருக்கும். சாக்பீஸ், சாம்பல், செங்கல் தூள், ஐஸ் கட்டி என்று தேடும் பிள்ளைகளும் உண்டு. கர்ப்பிணிகளிடமும் இதைப் பார்க்கிறோம், 'மசக்கை' என்று சிரித்து விட்டுவிடுகிறோம். அடித்துத் திருத்தப் பார்க்கும் உம்மாமார்களும் இருக்கிறார்கள். உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் இப்படி ஆசை வரலாம் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். ஈரல், இறைச்சி, முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொடுங்கள். (கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், வைட்டமின் ஏ மிகையாகிவிடும்.) சாப்பாடு முடிந்த கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மறுபடியும் டீயிடமே வந்து நிற்கிறோம்.

சின்னப் பிள்ளைகள் கேட்கும் பாக்கெட் தின்பண்டங்கள் வேறு வகை. 2019ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். வேண்டியமட்டும் சாப்பிடலாம். பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஆலை உணவு வாரங்களில் ஒவ்வொருவரும் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பெரியவர்களுக்கே கை நிற்கவில்லை என்றால் பிள்ளையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மதரஸாவில் சூரா மனனம் செய்த பிள்ளைக்குச் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் இந்த ஆண்டு நிறுத்திவிட்டோம். பேனா கொடுக்கிறோம். முதல் வாரம் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கல்யாண வீட்டுச் சஹன் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் அடிக்க வருவீர்கள். ஒரே தட்டில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடும் அந்த நெருக்கம் வேறெங்கே கிடைக்கும்? அதை விடச் சொல்லமாட்டோம். ஆனால் சஹனில் நம் பங்கு எவ்வளவு என்று நமக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கறித்துண்டைப் பிய்த்து நம் பக்கம் தள்ளுவார். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும், சஹன் அதற்குள் காலியாகிவிடும். சர்க்கரை உள்ளவர் வீட்டிலேயே ஒரு கிண்ணம் சுண்டலோ வெள்ளரிக்காயோ சாப்பிட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம். வெறும் வயிற்றோடு போவதுதான் தப்பு. வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு பற்றித் திர்மிதியில் வரும் அறிவுரையை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அது வலிமாவுக்கும் சேர்த்துத்தான்.

இனி இஃப்தார். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கொத்துக்கறி. காய்ந்த வயிற்றுக்கு இதைவிட இதமானது எது? பேரீச்சம்பழம் இரண்டு மூன்றுக்குள் என்றால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. கஞ்சியைச் சுற்றி வைக்கிறோமே, அங்கேதான் சிக்கல். வாடா, சமோசா, பஜ்ஜி, கட்லெட், ரோஸ்மில்க், கடல்பாசி, மேலே ஒரு கிளாஸ் சர்பத். பகலெல்லாம் கட்டிவைத்த ஆசைக்குப் பத்து நிமிடத்தில் வட்டியோடு கொடுக்கிறோம். தராவீஹில் நிற்க முடியாமல் நெஞ்சு எரிகிறது. பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் ஊற்றுகிறோம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க முடியாது. கறுத்து, நுரைத்து, சீக்கிரம் புகைந்தால் கொட்டிவிட வேண்டும்.

இதற்காக அறக்கட்டளை இந்த ரமலானில் ஒரு மாற்றம் செய்கிறது. நம் ஏற்பாட்டில் நடக்கும் இஃப்தாரில் கஞ்சிக்குப் பாசிப்பருப்பைக் கூட்டி, கேரட்டும் கீரையும் சேர்க்கிறோம். பொரித்தது ஆளுக்கு ஒன்று. ரோஸ்மில்க் வெள்ளிக்கிழமை மட்டும், மற்ற நாட்களில் எலுமிச்சைத் தண்ணீர், மோர், வெட்டிய பழம். இது சுலபமாக முடிவாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடமாகச் சமோசாவுக்குப் பணம் தரும் அன்பர் ஒருவர் மனம் வருந்தினார். "ஏழைப் பிள்ளைக வருசத்துல ஒரு மாசம்தான் வாய்க்கு ருசியா திங்குது, அதுலயும் கை வைக்கிறியளா?" என்று கேட்டார். எங்களிடம் உடனே பதில் இல்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வசதி உள்ளவன் விட்டுக்கொடுப்பதும் இல்லாதவனிடமிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. அதனால்தான் சமோசாவை அடியோடு நிறுத்தாமல் ஆளுக்கு ஒன்று என்று வைத்தோம். மீதிப் பணத்துக்குப் பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கொடுக்கலாம் என்றோம். அவர் யோசித்துவிட்டு, "முட்டைக்கு நான் தனியாத் தர்றேன்" என்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக.

ஸஹரைப் பற்றிச் சுருக்கமாக. ஸஹரை விடாதீர்கள். வெறும் சோற்றையும் தயிரையும் விழுங்கிவிட்டுப் படுத்தால் பகல் பத்து மணிக்கே நாக்கு வறளும். ஒரு முட்டை, கொஞ்சம் பயறு, உப்பு குறைவாக. ஊறுகாயும் கருவாடும் அந்த நேரத்தில் வேண்டாம், தாகம்தான் கூடும்.

சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைப்பது பற்றி டாக்டரிடம் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பேச வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டுதல். நாள் குறைவாகத்தான் இருக்கிறது. இந்த வாரமே போய்விடுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். எழுபதுக்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். மக்ரிபுக்குப் பத்து நிமிடம்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை பற்றி நம் இமாமிடம் கேளுங்கள். இந்தப் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்ளமாட்டோம்.

குளுக்கோமீட்டர் மூன்று வாங்கியிருக்கிறோம். தேவைப்படுபவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்து ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஊசியை மட்டும் ஒருவருக்கு ஒருவர் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது, புதிது தருகிறோம். அளந்ததைத் தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தத் தாளை எங்கள் நர்ஸ் சகோதரியைத் தவிர வேறு யாரும் பார்க்கமாட்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே போனால் மேசையில் கொண்டைக்கடலைச் சுண்டலும் இஞ்சி டீயும் இருக்கும். டீயில் சர்க்கரை போடவில்லை. வேண்டியவர்கள் பக்கத்து டப்பாவிலிருந்து போட்டுக்கொள்ளலாம். ஸ்பூன் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வஸ்ஸலாம்.